காதுக்கருவியின் தரம்: உரத்த ஒலியிலா, மெல்லிய ஒலியிலா?

மைசூரு நகரில் மானசகங்கோத்திரி என்னும் பகுதியில் மத்திய அரசின் இரு நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. ஒன்று, 1965-ஆம் ஆண்டில் பணி தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். மற்றொன்று, 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். முன்னதன் முதன்மைக் கட்டடத்திற்கு 1966-இல் அடிக்கல் நாட்டியவர், அந்நாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் ஆவார், அவரே 1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

இவ்விரு நிறுவனங்களின் பணிகள் வெவ்வேறானவை. எனினும் இரண்டு துறைகளுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அதுவே தலையில் அணியும் ஹெட்போன். செவித்திறனைச் சோதிக்குமிடத்தில், ஒலிபுகா அறை ஒன்றில் அமர்ந்திருப்பவரின் காதுகளில் அக்கருவி பொருத்தப்படுகிறது. 250 முதல் 8,000 வரையிலான அதிர்வெண்களில் தனித்தனி ஒலிகள் அதன் வழியே அனுப்பப்படுகின்றன. ஒவ்வோர் ஒலியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, எந்த அளவு வரை அது கேட்கிறது என்பது குறித்துக்கொள்ளப்படுகிறது. மொழி கற்பிக்குமிடத்திலோ, வேற்று மொழி பேசும் ஆசிரியர் ஒருவர் கன்னடத்தையோ தமிழையோ கற்கும்போது, அயல் ஒலிகளின் நுட்ப வேறுபாடுகளை அதே கருவியின் வாயிலாகக் கேட்டுப் பழகுகிறார். ஒருவர் தேடுவது மிக மெல்லிய ஒலி. மற்றவர் தேடுவது மிகத் தெளிவான ஒலி. உரத்த ஒலியைத் தேடுவோர் இருவருள் எவரும் இலர்.

கடைத்தெருவில் நடைபெறும் சோதனை இதற்கு நேர்மாறானது. கருவியைக் காதில் வைத்தவுடன் ஒலி முழு அளவிற்கு உயர்த்தப்படுகிறது. மத்தள ஒலி நெஞ்சில் அறைவது போல் கேட்டால் கருவி சிறந்தது என்று முடிவு செய்யப்படுகிறது. நிறம், விலை, தள்ளுபடி ஆகியவற்றை நோக்கியே பிற எண்ணங்கள் செல்கின்றன. இரண்டு மணி நேரம் அணிந்திருந்தால் காது வலிக்குமா, பேருந்தில் ஒலியை எவ்வளவு உயர்த்த நேரிடும், பேச்சு தெளிவாகப் புரியுமா என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. இத்தேர்வு முறை தலைகீழானது. குறைந்த ஒலியில் நிறைவாகக் கேட்கச் செய்வதே நல்ல காதுக்கருவியின் முதல் இலக்கணம். உடலுக்கு இசைவாக அமைவதும், ஓசை நயமும், செவியின் பாதுகாப்பும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. அவை மூன்றும் இவ்விலக்கணத்தில் அடங்குவன.

செவிக்கு நேரும் இழப்பு

மனிதச் செவியின் உட்பகுதியில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. காற்றின் அதிர்வை நரம்பு அறியும் குறிப்புகளாக மாற்றுவன இவையே. மிகுந்த ஒலி நெடுநேரம் தாக்கும்போது இவை களைப்புறுகின்றன. போதிய ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறுகின்றன. தாக்குதல் தொடருமாயின் மடிந்துபோகின்றன. பறவைகளின் செவியில் இவ்வணுக்கள் மீண்டும் தோன்றுவதுண்டு. மனிதனுக்கு அப்பேறு இல்லை. தோலில் காயம் ஆறுவது போல் இக்காயம் ஆறுவதில்லை.

இவ்விழப்பு வலியின்றி வருவதால் எளிதில் உணரப்படுவதில்லை. பெரும்பாலும் 3,000 முதல் 6,000 வரையிலான அதிர்வெண்களிலேயே முதலில் குறை தோன்றுகிறது. உயிரெழுத்துகளின் வலிய ஓசை முன்போலவே கேட்கும். மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் மெல்லிய கூறுகள் மங்கிவிடும். ஆகவே, இழப்புக்குள்ளானவர் "காது கேட்கவில்லை" என்று கூறுவதில்லை; "பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்றே கூறுவார். வகுப்பறையில் பின் வரிசையிலிருந்து மாணவன் தரும் விடை ஆசிரியருக்கு விளங்காமற் போவதும், சந்தையின் இரைச்சலுக்கிடையே உழவர் கூறுவது களப்பணியாளருக்குப் பிடிபடாமற் போவதும் இதன் விளைவுகள் ஆகலாம். பிறர் பேச்சைக் கேட்டு அறிதலே தொழிலாகக் கொண்டோருக்கு இது சிறு இழப்பன்று.

ஒலியின் தீங்கை அளவிட இரு கூறுகள் வேண்டும்: ஒலியின் வலிமை, அது நீடிக்கும் காலம். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அவ்வரம்பு 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் அனுமதிக்கத்தக்க காலம் பாதியாகக் குறைகிறது. ஆகவே, 83 டெசிபெலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி என்று கணக்கு அமைகிறது. ஒலி 100 டெசிபெலை எட்டுமாயின் வாரம் முழுவதற்கும் இருபது நிமிடம் போல்தான் எஞ்சும்.

இக்கணக்கை ஒரு பயணத்தோடு பொருத்திப் பார்க்கலாம். மைசூருவிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பேருந்தில் செல்ல மூன்று மணி நேரம் எனக் கொள்ளலாம். வாரத்தில் இருமுறை சென்று திரும்பும் ஒருவர், வழி முழுவதும் பாட்டோ உரையோ கேட்பாராயின், பன்னிரண்டு மணி நேரம் காதுக்கருவியைப் பயன்படுத்துகிறார். ஒலி 80 டெசிபெலில் இருப்பின், வாரத்திற்குரிய அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அவர் செலவிடவில்லை. 86 டெசிபெலில் அளவை மீறிவிட்டார். 89 டெசிபெலிலோ இரு மடங்கிற்கும் மேல் கடந்துவிட்டார். கேட்கும் இன்பத்தில் இம்மூன்று நிலைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. செவி அடையும் சுமையிலோ 80-க்கும் 89-க்கும் எட்டு மடங்கு வேறுபாடு உண்டு.

ஒலியை உயர்த்துவது எது?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் இப்பொருள் குறித்து மாநிலங்களுக்கு அறிவுரை விடுத்தது. காதுக்கருவியின் ஒலி 50 டெசிபெலுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்றும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் பயன்படுத்தாமல் இடையிடையே ஓய்வளிக்க வேண்டும் என்றும் அது கூறியது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஓடும் பேருந்தினுள் இரைச்சல் 75 அல்லது 80 டெசிபெலை எட்டுவது வழக்கமாயிருக்க, காதின் வாயிலில் தளர்வாகத் தொங்கும் இயர்போனில் 50 டெசிபெல் ஒலியை எவரும் கேட்க இயலாது. கேட்க வேண்டுமென்றால் இரைச்சலுக்கு மேல் ஒலியை ஏற்றியே தீரவேண்டும். மக்கள் ஒலியை உயர்த்துவது பேராசையால் அன்று. கருவி இரைச்சலைத் தடுக்காமையால் என்பதே பெரும்பான்மையான உண்மை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கூறாமல் ஒலியைக் குறைக்க மட்டும் சொல்வது, குடையின்றி மழையில் நனையாதிரு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

வானொலியின் தொடக்க காலத்தில் இத்தொல்லை இல்லை. கிரிஸ்டல் செட் எனப்பட்ட அந்நாளைய எளிய வானொலிப் பெட்டிக்கு மின்கலம் இல்லை; வான்வழி வந்த அலையின் ஆற்றலே ஹெட்போனை இயக்கியது. எழுந்த ஒலி மிக மெலிந்தது. ஆகவே ஒருவர் கேட்கும்போது வீட்டிலுள்ளோர் அமைதி காக்க நேர்ந்தது. மைசூரிலேயே, மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி 1935-ஆம் ஆண்டு தம் இல்லத்தில் 30 வாட் திறனுள்ள ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்பது அந்நிலையத்தின் பெயர். அதுவே பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராயிற்று. அக்காலத்துக் கேட்போர் மெல்லிய ஒலிக்காகத் தம் சூழலை அடக்கிக்கொண்டனர். 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின், ஒலியைப் பெருக்கும் ஆற்றலும் எங்கும் எடுத்துச் செல்லும் வசதியும் ஒன்றுசேர்ந்தன. சூழலை அடக்கும் தேவை நீங்கி, சூழலை விஞ்சும் பழக்கம் தோன்றியது. கருவியின் வலுக்குறைவு முன்னாளில் இட்ட வரம்பைக் கேட்போரின் அறிவே இந்நாளில் இட வேண்டியுள்ளது.

பயணத்திற்குரியது, வீட்டிற்குரியது

காதுக்கருவிகளை அமைப்பு நோக்கி நான்கு வகையாகப் பிரிக்கலாம். காதின் வாயிலில் தளர்வாக நிற்கும் இயர்போன் முதல் வகை. ரப்பர் அல்லது பஞ்சு முனையுடன் காதுக்குழலை அடைத்து நிற்கும் இயர்போன் இரண்டாம் வகை. காதைச் சுற்றி மெத்தை அமைந்து, புறத்தே மூடப்பட்ட ஹெட்போன் மூன்றாம் வகை. அவ்வாறே சுற்றியமைந்து, புறத்தே துளைகளுடன் காற்றோட்டமாக இருக்கும் திறந்த ஹெட்போன் நான்காம் வகை. காதைச் சுற்றாமல் மடலின் மேல் அழுத்தி நிற்கும் சிறிய ஹெட்போனும் உண்டு. அது எடை குறைந்தது, ஆனால் நெடுநேரம் அணிந்தால் மடலை வருத்துவது.

பயணத்திற்கு இரண்டாம் வகையும் மூன்றாம் வகையுமே ஏற்றவை. முனை நன்கு பொருந்திய இரண்டாம் வகைக் கருவி, வெளி இரைச்சலில் 20 டெசிபெலுக்குக் குறையாமல் தடுக்க வல்லது. 78 டெசிபெல் இரைச்சலுள்ள பேருந்தில் அதனை அணிந்தவரின் செவிக்கு எட்டுவது 58 டெசிபெல் அளவே. அதற்குமேல் பத்து டெசிபெல் உயர்வாகப் பேச்சொலியை வைத்தால் போதும், தெளிவாக விளங்கும். ஏறத்தாழ 70 டெசிபெலில் காரியம் முடிகிறது. முதல் வகைக் கருவியை அணிந்தவர் அதே தெளிவைப் பெற 88 டெசிபெலை நாடவேண்டும். இருவரும் கேட்பது ஒரே உரை. ஒருவர் செவி பாதுகாப்பாக உள்ளது, மற்றவர் செவி தேய்கிறது.

இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஹெட்போன்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. புற ஒலியை ஒரு சிறு ஒலிவாங்கி ஏற்று, அதற்கு எதிரான அலையைக் கருவி தோற்றுவித்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு செய்வது அம்முறை. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒருவரின் மகனான அமர் போஸ், 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது இவ்வகைக் கருவி பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை 1989-இல் வெளியிட்டது. எஞ்சின், மின்விசிறி போன்றவற்றின் தாழ்ந்த, தொடர்ந்த இரைச்சலை இம்முறை நன்கு அடக்கும். பேச்சையும் திடீரென எழும் ஊதல் ஒலியையும் அவ்வளவாக அடக்காது. வாங்கும் வசதியுடையோருக்கு நீண்ட பயணங்களில் இது பயனுள்ளதே. ஆனால் இது இல்லாவிடில் பாதுகாப்பு இல்லை என்று எண்ணுதல் தவறு. நன்கு பொருந்திய எளிய ரப்பர் முனை, சிறிய விலையில் அப்பணியின் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது.

வீட்டின் நிலை வேறு. அமைதியான அறையில் இரைச்சலைத் தடுக்கும் தேவை குறைவு. அங்கே திறந்த ஹெட்போன் ஏற்புடையது. காதில் வெப்பமும் வியர்வையும் சேருவதில்லை. ஓசை தலைக்குள் அடைபட்டது போலின்றி வெளியில் விரிந்து நிற்பது போல் தோன்றும். அழைப்பு மணியும் குழந்தையின் அழுகையும் கேட்கும். அதையே பேருந்திற்கு எடுத்துச் செல்வது பயனற்றது. அருகிலிருப்போருக்கும் அதன் ஒலி தொல்லை தரும். ஒரே கருவியை இரண்டிற்கும் வைத்துக்கொள்ள விரும்புவோர், மூடிய ஹெட்போனையோ முனை பொருந்திய இயர்போனையோ தேர்ந்தெடுத்தலே தக்கது.

சாலையைக் கடக்கும்போதும், இருப்புப்பாதையை ஒட்டி நடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் எவ்வகைக் கருவியும் காதில் இருத்தலாகாது. இரைச்சலைத் தடுக்கும் கருவி எச்சரிக்கை ஒலியையும் தடுக்கும் என்பதை மறத்தல் கூடாது.

இசைவு என்பது ஆடம்பரமன்று

அணிவதற்கு இதமாக இருத்தல் செல்வர் நாடும் வசதி என்று கருதப்படுகிறது. இக்கருத்து பொருந்தாது. பொருத்தம் குறைந்தால் காதிற்கும் கருவிக்கும் இடையே இடைவெளி விழுகிறது. அவ்விடைவெளி வழியே முதலில் கசிந்து மறைவது தாழ்ந்த சுருதி ஒலிகள். ஓசை மெலிந்து, வறண்டு கேட்கிறது. கருவி மட்டமானது என்று எண்ணி ஒலியை உயர்த்துகின்றனர். உண்மையில் மட்டமானது கருவியன்று, பொருத்தமே. பெட்டியினுள் சிறியது, நடுத்தரமானது, பெரியது என மூன்று இணை முனைகள் வைக்கப்பட்டிருப்பினும், பொருத்தியிருந்த இணையையே கடைசி வரை பயன்படுத்துவோர் பலர். இடக்காதின் அளவும் வலக்காதின் அளவும் சிலருக்கு ஒத்திருப்பதில்லை. அவர்கள் இரு காதிற்கும் வெவ்வேறு முனைகளைப் பொருத்திக்கொள்ளலாம். முனையைச் செருகும்போது காதுமடலை மற்றொரு கையால் மேல்நோக்கிச் சிறிது இழுத்தால் குழல் நேராகி, முனை சரியாக அமரும்.

ஹெட்போனில் கவனிக்க வேண்டியவை மூன்று: எடை, இறுக்கம், மெத்தை. 250 கிராம் எடை முதல் ஐந்து நிமிடத்தில் தோன்றாது. ஒரு மணி நேரத்திற்குப்பின் உச்சந்தலையில் உணரப்படும். இறுக்கம் மிகுந்தால் தாடை மூட்டில் வலி தோன்றும். குறைந்தால் குனியும்போது நழுவும். மெத்தையின் உள்வட்டம் காதுமடல் முழுவதையும் தொடாமல் உள்ளடக்கும் அளவினதாதல் வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனுடனேயே கருவியை அணிந்து பார்த்தல் அவசியம். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்குவதுண்டு. தோல் போன்ற மெத்தை இரைச்சலை நன்கு தடுக்கும், ஆனால் வெப்பமான ஊர்களில் வியர்க்கும். துணி மெத்தை குளிர்ச்சியானது, ஆனால் தடுப்பு சற்றுக் குறையும். மைசூருவின் மிதமான காற்றுக்கு இதமாக இருப்பது மதுரையின் கோடைக்கு இதமாக இராது. இருபது நிமிடம் தொடர்ந்து அணிந்து பார்க்காமல் ஒரு ஹெட்போனைப் பற்றி முடிவு கூறுவது இயலாது.

தூய்மையும் இசைவின் ஒரு பகுதியே. காதுக்குழலை நெடுநேரம் அடைத்து வைத்தால் ஈரம் தங்கும். ஈரமும் வெப்பமும் பூஞ்சைக்கு இடம் தரும். முனைகளை வாரந்தோறும் கழுவி உலர்த்துதல் வேண்டும். பிறர் பயன்படுத்திய இயர்போனைக் காதில் செருகுதல் தவிர்க்கத்தக்கது. காதில் சீழ் அல்லது வலி உள்ளபோது செருகும் வகையை அறவே நீக்கவேண்டும்.

நல்ல ஓசையை அறியும் முறை

கருவியின் பெட்டியில் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சிடப்பட்டிருக்கும். எல்லாக் கருவிகளிலும் இவ்வெண்களே காணப்படுவதால், தேர்வுக்கு இவை துணை செய்வதில்லை. அந்த எல்லைகளுக்குள் எந்த ஒலி மிகுந்தும் எந்த ஒலி குறைந்தும் வருகிறது என்பதே ஓசை நயத்தை முடிவு செய்வது. அதனை அவ்வெண்கள் கூறா. விலையும் உறுதியான சான்று அன்று.

ஆசிரியர் எவரும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. "ஒலி, ஒளி, ஒழி". "வலி, வளி, வழி". "பட்டு, பத்து, பற்று" போன்ற சொற்களை, நல்ல உச்சரிப்புடைய ஒருவர் இயல்பான குரலில் படிக்க, அதனைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். வரிசையை மாற்றி மாற்றிப் படித்தல் நன்று. பின்னர், வாங்க எண்ணும் கருவியில் ஒலியைத் தாழ்ந்த நிலையில் வைத்துக் கேட்க வேண்டும். சொற்கள் ஐயமின்றிப் பிரிந்து கேட்டால் கருவி பேச்சுக்கு ஏற்றது. லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தும் கூறுகள் நடு அதிர்வெண்களிலும் அதற்குச் சற்று மேலும் அமைந்துள்ளன. தாழ்ந்த சுருதியை மிகையாக முழக்கும் கருவிகளில் அந்த முழக்கம் இக்கூறுகளை மூடிவிடுகிறது. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைப்பது செவியின் இயல்பு. முழக்கத்தில் மயங்கிக் கருவியை வாங்கியவர், பேச்சு விளங்காமையால் மீண்டும் ஒலியை உயர்த்துகிறார்.

இசைக்கு வீணையைக் கொண்டு சோதிக்கலாம். வீணை சேஷண்ணா போன்றோரால் புகழ்பெற்ற மைசூர் வீணை மரபு, சிறிய கூடங்களில் அமைதியாக அமர்ந்து கேட்போருக்காக வளர்ந்தது. மீட்டிய ஒலி எழுந்து, கமகத்தில் அசைந்து, மெல்லத் தேய்ந்து அடங்கும் வரை தொடர்ந்து கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். தம்பூராவின் நாதம் ஒரே இரைச்சலாக அன்றி, பல இழைகளாக விரிகிறதா என்றும் பார்க்கலாம். தாழ்ந்த ஒலியில் இவை கிடைத்தால் கருவி நல்லது. ஒலியை உயர்த்தினால் மட்டும் கிடைத்தால் அன்று.

மைசூர் அரண்மனை வித்துவான் டி. சௌடையா ஏழு தந்திகள் கொண்ட வயலினை அமைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பெரிய சபையின் கடைசி வரிசையிலிருப்போருக்கும் இசை எட்டவேண்டும் என்பதே அது. கேட்போர் தொலைவில் இருந்தனர். ஆகவே ஒலி வலிமை பெற வேண்டியிருந்தது. காதுக்கருவி அணிந்தவருக்கும் வித்துவானுக்கும் இடையே அத்தொலைவு இல்லை. செவிப்பறைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும் ஒலிக்கு வலிமை எதற்கு?

இரு மறுப்புகள்

சிறுவர்க்கு இக்கருவிகளை முற்றிலும் தடை செய்தலே நேரிய வழி என்று கூறுவோர் உளர். பார்வையற்ற மாணவன் ஒலி நூல்களைக் கற்பது இக்கருவியால். ஒரே அறையில் மூவர் படிக்கும் சிறிய வீட்டில் ஒரு மாணவி பாடம் கேட்பதும் இக்கருவியால். தடை விதித்தால் இழப்பு இத்தகையோருக்கே. மேலும், கருவியின்றிக் கைப்பேசியின் ஒலியைத் திறந்துவிட்டுப் பேருந்து முழுவதையும் கேட்கச் செய்வது எவ்வகையிலும் நன்றன்று.

ஒலி வரம்பிட்ட "குழந்தைகள் ஹெட்போன்" இருக்கையில் கவலை எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. இவற்றுள் பலவற்றின் உச்ச வரம்பு 85 டெசிபெல் என்று குறிக்கப்பட்டுள்ளது. சிறுவர்க்கு 75 டெசிபெலில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது வழிகாட்டுதல். 10 டெசிபெல் உயர்வு என்பது பத்து மடங்கு ஆற்றல். ஆகவே 85 டெசிபெலில் அவர்களுக்குரியது வாரத்திற்கு 4 மணி நேரமே. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 நிமிடம். பெட்டியின் மேல் உள்ள வரம்பு, நாள் முழுவதும் கேட்கலாம் என்னும் உரிமைச்சீட்டு அன்று. வரம்பு தேவையே; ஆனால் பெரியோரின் கவனத்திற்கு அது மாற்றாகாது.

செய்யத்தக்கவை

பள்ளிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் இக்கருவிகள் மொத்தமாக வாங்கப்படும்போது, விலைப்புள்ளியுடன் சில நிபந்தனைகளும் இடம்பெறுதல் வேண்டும். காதைச் சுற்றி அமையும் மூடிய அமைப்பு, கழற்றி மாற்றத்தக்க மெத்தை, சிறிய தலைக்கும் பொருந்தும் வளைவு, உச்ச ஒலியின் அளவு எழுத்தில் குறிக்கப்படுதல் ஆகிய நான்கும் போதும். வகுப்புப் பயிற்சிக்குக் கம்பியுள்ள கருவியே சிறந்தது: மின்னேற்றம் வேண்டா, ஒலி பிந்தி வருதல் இல்லை, பழுது பார்ப்பது எளிது. பத்து மாதிரிகளைப் பெற்று மாணவர் சிலரை அரை மணி நேரம் அணியச் செய்து, மேற்கூறிய சொற்களைத் தாழ்ந்த ஒலியில் கேட்பித்த பின்னரே கொள்முதல் முடிவு செய்யப்படுதல் முறையாகும்.

தனியார் கடைப்பிடிக்க வேண்டியவையும் எளியன. ஒலி அளவை அமைதியான அறையில் இருந்தே நிலைப்படுத்திக்கொண்டு, வெளியில் சென்றபின் அதனை உயர்த்தாதிருத்தல் நன்று. உயர்த்த நேர்ந்தால், முனை பொருந்தவில்லை என்பதற்கு அது அடையாளம். திருத்த வேண்டியது முனையையே. அருகிலிருப்பவருக்கு மூடிய ஹெட்போனின் பாட்டு கேட்குமாயின் ஒலி மிகுதி என அறியலாம். இந்நாளைய கைப்பேசிகள் பலவற்றில் கேட்ட ஒலியின் அளவைக் குறித்துக்காட்டும் வசதி உண்டு. வாரம் ஒருமுறை அதனைப் பார்த்தல் பயன் தரும். கருவியைக் கழற்றியபின் காதில் ரீங்காரமோ அடைப்போ தோன்றினால், அன்று வரம்பு மீறப்பட்டது என்று பொருள். அது அடிக்கடி நேர்ந்தால் செவித்திறனைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007-இல் முன்னோடியாகச் சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகுவோருக்கு வழி காட்டப்படும். ஆண்டுதோறும் மார்ச் 3-ஆம் நாள் உலகச் செவித்திறன் நாளாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளில் பேருரைகளை நிகழ்த்துவதைவிட, மாணவர் தத்தம் இயர்போன்களைக் கொண்டுவந்து, மூன்று முனைகளையும் மாற்றிப் பொருத்திப் பார்க்குமாறு செய்வது மிகுந்த பயன் விளைக்கும்.

செவித்திறன் சோதிக்கும் அறையில், கேட்கக் கிடைத்த மிக மெல்லிய ஒலிக்கு ஒருவர் கை உயர்த்திக் காட்டுகிறார். அவ்வொலியை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர் கேட்பாரா என்பது, இன்று கடையில் அவர் எந்த ஒலியைக் கொண்டு தம் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதையும் பொறுத்தது. ஆசிரியரும் களப்பணியாளரும் முதலில் தம் கருவியை இம்முறையில் சோதித்துப் பார்த்து, பின்னர் பிறருக்கும் காட்டுவாராயின், அறிவுரை அளவில் நிற்கும் ஒரு செய்தி பழக்கமாக மாறும்.